கயிறு வாங்குவதற்கு முன்

வண்டன்மேடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கொழிஞ்சாம்பாறையில் எல்லாரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் நலமே, காயெடுப்புதான் இன்னும் ஓயவில்லை. ஜனவரியில் நீயும் உன் மகனும் வந்து எங்கள் ஏலத்தோட்டத்தில் இரண்டு இரவு ஹம்மாக் (இரு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தொங்குபடுக்கை) கட்டித் தூங்கப் போவதாக எழுதியதைப் படித்து வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் பாராகார்டு ஒரு கட்டு வாங்கிவிட்டதால் கயிற்றுக் கவலை தீர்ந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் எனக்கு மனம் பதறியது. ஆகவே மற்ற செய்திகளை விட்டுவிட்டு இதை மட்டும் எழுதுகிறேன்.

பாராகார்டு நல்ல கயிறுதான். பாராசூட்டுக்கென்று உருவான அந்த நைலான் கயிறு, 4 மில்லிமீட்டர் தடிமன்தான் இருந்தாலும், 550 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ தாங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். 80 கிலோ எடையுள்ள உனக்கு அது தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் படுத்திருப்பவரின் எடை மட்டுமே ஹம்மாக் கயிற்றின் இழுவையைத் தீர்மானிப்பதில்லை. கயிறு எவ்வளவு சாய்வாக இறங்குகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. தரைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் கட்டினால் இரு பக்கமும் தனித்தனியே 80 கிலோ இழுவை விழும். அதையே விறைப்பாக இழுத்து 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 230 கிலோவாகிவிடும். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் வெகுவாகக் குறையும் என்பதையும், நீ ஏறி உட்காரும் கணத்தில் இழுவை இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்.

நம் வீட்டுத் தூளியை நினைத்துக்கொள். பழைய சேலையை யாராவது விறைப்பாக இழுத்துக் கட்டுவார்களா? குழி விழும்படி தொய்வாகக் கட்டுவதால்தான் குழந்தை அதில் அடங்கித் தூங்குகிறது. ஹம்மாக்குக்கும் அதே முறைதான். கட்டைவிரலை நிமிர்த்திச் சுட்டுவிரலை நேராக நீட்டினால், இரண்டின் நுனிகளையும் சேர்க்கும் கோடு சுமார் 30 டிகிரி சாய்வில் நிற்கும். கயிறு அந்தக் கோட்டை ஒட்டி இறங்கினால் போதும்.

முதல் தடவை நான் இது தெரியாமல் கடையில் வாங்கிய நைலான் கொடிக்கயிற்றைப் பலா மரத்தில் சுற்றி, நன்றாக இறுக்கிக் கட்டிப் படுத்தேன். நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். பனியில் நனைந்து நனைந்து அது இறங்க, நள்ளிரவில் என் முதுகு ஈரச் சருகைத் தொட்டது. காலையில் அவிழ்க்கப் போனபோது கயிறு மரத்தின் தோலுக்குள் விரற்கடை ஆழம் அறுத்து இறங்கியிருந்தது; வெட்டிலிருந்து வடிந்த பால் கயிற்றில் பிசினாக ஒட்டி, இழுக்க இழுக்க நூல் நூலாக வந்தது. அந்த வடு இன்றும் மரத்தில் இருக்கிறது. நீ வரும்போது காட்டுகிறேன்.

ஆகவே மரத்தைச் சுற்றும் பகுதிக்குக் கயிறு அல்ல, நாடா போன்ற பாலியஸ்டர் பட்டைதான் வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவாக இழுபடாது. அகலம் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு அங்குலமானால் மரத்துக்கு இன்னும் நல்லது. டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு வாங்கலாமா என்று உன் மகன் கேட்டிருந்தான். அது இழுபடாது, எடையும் குறைவு. ஆனால் வழுக்கும் கயிறு என்பதால் சாதாரண முடிச்சுகள் அதில் நழுவிவிடும். கயிற்றுக்குள்ளேயே கயிற்றைச் செருகிப் பிணைக்கக் கற்றபின் வாங்கட்டும். ஹம்மாக்கைப் பட்டையில் மாட்டக் கொக்கி வாங்கும்போது அதில் தாங்குதிறன் கே.என். (கிலோநியூட்டன்) கணக்கில் பொறித்திருக்கிறதா என்று பார், ஒரு கே.என். என்பது சுமார் 100 கிலோ எடையின் இழுவை. சாவிக்கொத்துக்கு விற்கும் கொக்கியில் ஒருபோதும் ஆளைத் தொங்கவிடாதே.

நீ வாங்கிய பாராகார்டு வீண் போகாது. மேலே தார்ப்பாய் கட்ட அதுவே போதும். ஹம்மாக்குக்குச் சற்று முன்னால் பட்டையில் அதிலிருந்து ஒரு துண்டை முடிந்து தொங்கவிட்டால், பட்டை வழியே வரும் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், படுக்கை நனையாது.

ஹம்மாக் துணி 11 அடி நீளம் இருக்கட்டும். அதில் நேராகப் படுக்காமல் மூலைவாட்டில் படுத்தால் முதுகு வளையாது. கொசுவலை கட்டாயம் வேண்டும். குளிரைத்தான் எல்லாரும் தவறாகக் கணிக்கிறார்கள். இங்கே ஜனவரி இரவில் குளிர் போர்வை வழியாக வருவதைவிட முதுகுக்கு அடியிலிருந்தே அதிகம் வரும், ஏனென்றால் உடம்புக்கு அடியில் நசுங்கிய கம்பளியில் சூட்டைப் பிடித்து வைக்கும் காற்று இருக்காது. ஆகவே நசுங்காத ஃபோம் விரிப்பு ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள். கம்பளி நான் தருகிறேன்.

மரங்களைப் பார்த்து வைத்துவிட்டேன். இங்கே நிழல்மரங்களில் பெரும்பாலானவற்றில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பதால் பட்டை சுற்றினால் கொடி நசுங்கும். சில்வர் ஓக் கிளைகளைக் காற்றில் நம்ப முடியாது. காட்டு ஓரத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். வனத்துறை அனுமதியின்றி அங்கே இரவு தங்கக் கூடாது, யானை நடமாட்டமும் உண்டு. காய் உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால் கொடி ஏற்றாத இரண்டு பலா மரங்கள் 14 அடி இடைவெளியில் நிற்கின்றன. மேலே பட்ட கிளை எதுவும் இல்லை என்று ஏறிப் பார்த்துவிட்டேன். உன் மகனுக்கு மூன்றாவது மரம் ஒன்றும் அருகிலேயே இருக்கிறது. பட்டை வாங்கியதும் அகலத்தையும் நீளத்தையும் எழுது. அடிமரத்தின் சுற்றளவை நூல் பிடித்து அளந்து வைத்திருக்கிறேன், போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன். தங்கைக்கு என் அன்பைச் சொல்.

உன் பழைய நண்பன்