தோர்ணக்கல்லில் ஒரு தமிழ்ப் பேராயர்

ஐயா,

தமிழகத்தில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) குருமார்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில் கால்டுவெல், ஜி.யு. போப் இருவரையும் படித்து மகிழ்ந்தேன். சரி, நம் மண்ணிலேயே பிறந்த வே.சா. அசரியாவை ஏன் விட்டுவிட்டோம்? 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் முகத்துக்கு நேரே, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல்! தெலுங்கு கற்று, இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல் பகுதியின் ஏழை எளிய மக்களோடு 1945இல் இறக்கும்வரை வாழ்ந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் தோர்ணக்கல்லில் ரயில் மாறும்போது, அவர் கட்டிய பேராலயத்தைப் போய்ப் பார்த்தேன். கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்கள், மசூதியைப் போன்ற குவிமாடங்கள். உள்ளூர்க் கட்டடக் கலையையே ஆலயமாக்கியிருக்கிறார். ஊர் திரும்பி நண்பர்களிடம் சொன்னபோது ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. மனம் வலித்தது. பள்ளிப் பாடநூலில் அவரைப் பற்றி ஒரு பாடம் சேர்க்க அரசு முன்வர வேண்டும். தங்கள் நாளிதழும் அவரைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருநெல்வேலி.