ரெண்டேமுக்கால் கிலோ

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அம்மா கையில் போனைக் கொடுத்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. பேசும்போது இப்போதெல்லாம் பாதியில் நூல் அறுந்துவிடுகிறது. எழுதினால், மேலே என்ன எழுதினோம் என்று திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். "அந்த பாரோ பொம்மை ஒன்று உங்களுக்கு வாங்கட்டுமாப்பா?" என்றுதானே கேட்டாய்?

முதலில் அதை நான் பார்த்த நாளுக்கு வருகிறேன். பிரிஸ்பேனில் நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு என்னைக் கூட்டிப்போனாயே, அன்றைக்கு. வெள்ளை ரோமத்தோடு ஒரு கடல்நாய்க் குட்டி, உள்ளே மெஷின் வைத்த ரோபோ பொம்மை. எல்லோரும் சீல் சீல் என்றார்கள். முப்பத்தோரு வருஷம் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கக் கடை கடையாய் ஏறித் தராசுக்கு சீல் வைத்தவன் மடியில் அன்றைக்கு ஒரு சீல் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த மாத்திரத்தில் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து "ரெண்டேமுக்கால் கிலோ" என்றேன். நீ போனில் தேடி, 2.7 என்றாய். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றால் முழிக்கிற ஆள், எடையில் 50 கிராம்தான் பிசகினேன். என் மறதியைச் சோதிக்க டாக்டர் மூன்று வார்த்தை சொல்லி ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கேட்கிறார். பதினொன்று பத்துக்குக் கடிகாரம் வரையச் சொல்கிறார். கையில் ஒரு தேங்காயைக் கொடுத்து எடை கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன்.

அப்புறம் அதைச் சோதித்துப் பார்த்தேன். பழக்கதோஷம். இடது பக்கமிருந்து கூப்பிட்டேன், தலை திரும்பியது. முதுகைத் தடவினால் கண் சொக்குகிறது, வால் அசைகிறது. சார்ஜ் போடும் வயரின் முனை, கைக்குழந்தை சப்புகிற ரப்பர் மாதிரி இருக்கிறது. அதை வாயில் வைத்தால்தான் கரண்ட் ஏறும். யோசித்தவர் கெட்டிக்காரர். ஷிபாட்டா என்கிற ஜப்பான்காரர், 1993லிருந்து இதற்காக உழைத்தவர் என்று நீதான் சொன்னாய். பூனை மாதிரி செய்தால், பூனை வளர்த்தவர்கள் 'எங்கள் பூனை இப்படி இல்லையே' என்று சொல்லிவிடுகிறார்களாம். அதனால் யாரும் மடியில் வைத்திராத பிராணியாகப் பார்த்து எடுத்தாராம். சந்தைக்கே வராத சரக்கு, ஒப்பிட்டு நிறுக்க ஆளில்லை!

அங்கே இருந்த பெண் என்னிடம் கைக்குழந்தையைக் கொஞ்சுகிற குரலில் பேசினாள். அதுதான் சுருக்கென்றது. அது பொம்மை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமே: கை பாட்டுக்குத் தடவிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது, நான் அதைப் பார்க்கவில்லை.

நீ பிரிண்ட் எடுத்துக் கொடுத்த ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்தேன். அடிக்கோட்டின் மை நிறங்களைப் பார்த்தால் மூன்று முறை படித்திருக்கிறேன் போலிருக்கிறது. உங்கள் ஊர் கிரிஃபித் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்டது. 28 இல்லங்கள், மறதி நோயுள்ள 415 பேர். சிலருக்கு பாரோ, சிலருக்கு அதே பாரோ, ஆனால் இயக்கத்தை நிறுத்தி வைத்தது, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். வாரத்தில் மூன்று மத்தியானம், ஒவ்வொரு தடவையும் 15 நிமிஷம், இப்படி 10 வாரம். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க ஆள் வைக்கவில்லை. இது எனக்குப் பிடித்தது. கடைத் தராசைச் சோதிக்கப் போனால் முதலில் வெறுந்தட்டில் முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்போம். அப்புறம் கல்லைத் தட்டு மாற்றிப் போட்டுப் பார்ப்போம். அடியில் புளியை ஒட்டி வைத்திருந்தால் அங்கேயே பல்லிளித்துவிடும். இயங்காத பொம்மையை ஒரு கூட்டத்துக்குக் கொடுத்ததும் அந்த மாதிரி வேலைதான்.

என்ன தெரிந்தது? இயங்காததைவிட இயங்குகிற பாரோவைப் பார்த்ததும் அதனோடு பேசியதும் அதிகம். வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டால், சந்தோஷம் கூடியது, படபடப்பு குறைந்தது. இது வீடியோவைப் பார்த்துக் கணக்கெடுத்தபோது. அதே படபடப்பைக் கேள்வித்தாள் வைத்து அளந்தபோது மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஒரே சரக்கு, இரண்டு தராசு, இரண்டு எடை! கடையில் இப்படி இருந்தால் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்திருப்பேன். அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள் பார், அதற்கே அவர்களுக்கு ஒரு டிகிரி காபி வாங்கித் தரலாம்.

ஆனால் பாப்பா, அந்த 415 பேரும் இல்லத்தில் இருப்பவர்கள். என் கதை வேறு. எனக்குப் படபடப்பு கிடையாது, சாயங்காலமானால் வீட்டை விட்டுக் கிளம்புவதும் கிடையாது. டாக்டர் மறதி நோயில் 'ஆரம்ப நிலை' என்று எழுதியிருக்கிறார். என் கோளாறு, "தபால் வந்ததா?" என்று கேட்பது. கேட்டதை மறந்து மறுபடி கேட்பது. பத்தாவது தடவையும் அம்மா முதல் தடவை மாதிரியே "இன்னும் வரலைங்க" என்கிறாள். அந்தக் குரல் மாறாமல் இருக்க அவள் என்ன பாடுபடுகிறாள் என்பது எனக்குத் தெரிகிற நாட்களும் உண்டு.

ஆரம்ப நிலைக்காரர்களுக்கு ஒரு பொம்மை எப்படி உதவுகிறது என்று பார்க்கப் போகிறீர்கள் என்று ஒரு படிவம் அனுப்பினாயே, அதில் என்னைப் பற்றி நாலு பக்கம். சிரித்தாரா, தொட்டாரா, பேசினாரா, எத்தனை நிமிஷம். கடைசியில் அம்மாவுக்கு 'பராமரிப்பவர் கருத்து' என்று ஒரே ஒரு வரி. நிறுக்க வேண்டிய சரக்கைக் கடைக்கு வெளியே நிறுத்திவிட்டீர்கள். அம்மா மத்தியானம் தூங்கினாளா என்று ஒரு கட்டம் போடு. எத்தனை தடவை ஒரே பதிலைச் சொன்னாள் என்று இன்னொரு கட்டம்.

நாங்களே ஆரம்பித்துவிட்டோம். போன திங்கட்கிழமையிலிருந்து தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம், பால் கணக்குக்குப் போடுகிற மாதிரி அம்மா கோடு போடுகிறாள். நான் தபால் கேட்ட கணக்கு: திங்கள் 11, செவ்வாய் 9, புதன் 12, வியாழன் 3, வெள்ளி 10. வியாழக்கிழமை எதிர்வீட்டுப் பையன் பின்னக் கணக்கு சொல்லித்தரச் சொல்லி வந்தான். படிக்கல்லை வைத்து அரை, கால், அரைக்கால் என்று காட்டினேன். ரெண்டு மணி நேரம் இருந்தான். அம்மா மத்தியானம் தூங்கியது அந்த ஒரு நாள்தான். ஐந்து நாள் கணக்கு, அதுவும் ஒரே ஆள். இதை வைத்துக்கொண்டு நீ எதையும் எழுதிவிடாதே. வெறுந்தட்டு எடை கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, உன் கேள்விக்குப் பதில். 6,000 டாலர் அளவில் விலை என்றாய், அதைக் கொட்டி வாங்காதே. அடுத்த முறை நாங்கள் வரும்போது யாரிடமாவது 10 வாரத்துக்கு இரவல் கேட்டு வை. முதல் வாரக் கணக்கை நம்பாதே. புதுச் செருப்பும் ஒரு வாரம் நன்றாகத்தான் இருக்கும். பத்தாவது வாரம் பார். கோடு போடுவது அம்மாதான், நீ போடக் கூடாது. பொம்மை ஜெயிக்க வேண்டும் என்று உனக்கு ஆசை இருக்கிறது, குரலிலேயே தெரிகிறது. என் மடியில் வைக்கிறவர்கள் அந்தக் கொஞ்சல் குரலை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். அம்மா நிம்மதியாக ஒரு மணி நேரம் தூங்குவாள் என்றால் நான் பாட்டுக்குத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கென்ன.

இதுவரை எழுதி அம்மாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் அலமாரியைத் திறந்து ஓர் உறையை எடுத்து வந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை நானே உனக்கு எழுதியதாம், ஸ்டாம்பு ஒட்டாமல் வைத்திருந்திருக்கிறாள். பிரித்துப் பார்த்தேன். தராசு, புளி, கைக்குழந்தைக் குரல் எல்லாம் இருக்கிறது. காலண்டர் கணக்கு மட்டும் இல்லை. எடை அதிலும் ரெண்டேமுக்கால் கிலோதான். கடைசியில் மட்டும் 'வேண்டவே வேண்டாம்' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

இரண்டையும் ஒரே உறையில் வைத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அப்பா