நர்ஸ் பிராக்டிஷனர் எழுதும் மருந்துகள்: டெக்சாஸ் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனரை (நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதும், கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸ்) பார்த்துவிட்டு நம் கடைக்கு வரும் சிலரிடம், "இந்த மருந்தை மட்டும் தர முடியாது" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வலியோடு நிற்பவரிடம் இதைச் சொல்வது எங்களுக்கும் கஷ்டம்தான். உங்கள் மீதோ எழுதியவர் மீதோ சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் அப்படி.

டெக்சாஸில் நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத, ஒரு டாக்டருடன் எழுத்துமூலம் ஒப்பந்தம் இருக்க வேண்டும். அந்த டாக்டரின் பெயர், முகவரி, போன் நம்பர் மருந்துச் சீட்டிலும் இருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் கிளினிக்குக்கு நாங்களே போன் செய்து கேட்டுக்கொள்வோம். பிரஷர், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகள், ஆன்டிபயாடிக் எல்லாம் இப்படியே கிடைத்துவிடும்.

சிக்கல் ஷெட்யூல் 2 மருந்துகளில்தான். பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய மருந்துகளை அரசு 'ஷெட்யூல்' என்று எண்ணிட்டுப் பிரித்திருக்கிறது; எண் குறையக் குறையக் கட்டுப்பாடு கூடும். ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் போன்ற வலி மாத்திரைகளும், கவனக்குறைபாட்டுக்காக (ADHD) பிள்ளைகளுக்குத் தரும் ரிட்டலின், ஆடரால் போன்றவையும் இதில் சேரும். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பவர்கள், அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள், ஹாஸ்பிஸ் பராமரிப்பில் (வாழ்வின் இறுதிக்கட்டப் பராமரிப்பு) இருப்பவர்கள் ஆகியோருக்கு மட்டுமே இவற்றை நர்ஸ் பிராக்டிஷனர் எழுதலாம். அதிலும் ஆஸ்பத்திரியில் எழுதியதை அந்த ஆஸ்பத்திரியின் சொந்த மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் வழியில் அதே சீட்டை எங்களுக்கு அனுப்பச் சொன்னால், எங்கள் கை கட்டப்பட்டுவிடுகிறது. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, "இதை டாக்டர் பெயரில் அனுப்புகிறீர்களா, இல்லை இங்கேயே வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். கிளம்பி வந்த பிறகு அந்த டாக்டரைப் பிடிப்பது லேசான வேலை இல்லை.

டிரமடால், தூக்கத்துக்கான ஜோல்பிடெம் போன்றவை ஷெட்யூல் 4. இவற்றை எழுதலாம், ஆனால் ரீஃபில் (அதே சீட்டில் மறுபடி வாங்குவது) உட்பட 90 நாளுக்குத்தான். ரீஃபில் வேண்டுமானால் நர்ஸ் பிராக்டிஷனர் டாக்டரிடம் கலந்து பேசி, அதை உங்கள் கோப்பில் குறித்திருக்க வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு இந்த வகை மருந்து எழுதவும் அதே நிபந்தனைதான். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே கிளினிக்குக்குச் சொல்லிவிடுங்கள்.

நியூ மெக்சிகோவிலிருந்து குடிவந்தவர்களுக்கு இது புதிராக இருக்கும். அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் டாக்டரின் ஒப்பந்தம் இல்லாமலே எழுதலாம். டாக்டர் பக்கத்தில் இல்லாத சிற்றூர்களில் இருப்பவர்களை டெக்சாஸ் சட்டம் தேவையில்லாமல் அலைக்கழிக்கிறது என்பதே எங்கள் எண்ணம். ஆனாலும் அதை மீறி மருந்து தர எங்களால் ஆகாது.

சந்தேகம் இருந்தால், கிளினிக்கில் இருக்கும்போதே மருந்தின் பெயரைச் சொல்லி எங்களுக்குப் போன் செய்யுங்கள். தர முடியுமா என்று உடனே சொல்லிவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் மருந்துக் கடையினர்