ஒலிநாடாவை எழுத்தாக்கும்போது ஊர்ச்சொல் தொலையக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஒலிப்பதிவுகளைக் கணினியைக் கொண்டு எழுத்தாக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன்.

கோவில்பட்டி வட்டாரத்துச் சம்சாரிகளிடம் (உழவர்களிடம்) கமலை இறைப்பு (மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைப்பது), விதைப்பு, மழைக்குறி பற்றியெல்லாம் கேட்டு, என் மாணவர்களும் நானும் பல ஆண்டுகளுக்கு முன் நாடாக்களில் பதிவு செய்தோம். ஒரு பக்கத்தைக் கேட்டு எழுதவே ஒரு நாள் போய்விடும் என்பதால் அவை பெட்டியிலேயே கிடந்தன. இப்போது என் பழைய மாணவர் ஒருவர், கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணையச் சேவைக்கு அனுப்பி எழுத்தாகத் திரும்பப் பெறும் சிறு நிரலை எழுதித் தந்திருக்கிறார்.

செலவு பெரிதன்று. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பரை நிரல்கள் வழியே பயன்படுத்தும் இணையச் சேவையான விஸ்பர் ஏபிஐயை ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 மார்ச்சில் வெளியிட்டபோது நிமிடத்துக்கு 0.006 டாலர் என்று விலை வைத்தது. 90 நிமிட நாடா ஒன்றுக்கு அரை டாலருக்குச் சற்றே கூடுதல். ஒரு கோப்பு 25 மெகாபைட்டுக்குள் (எம்பி) இருக்க வேண்டும் என்ற வரம்பும் தடையாகாது. ஒலியை நொடிக்கு 64 கிலோபிட் அளவுள்ள எம்பி3 கோப்பாகச் சுருக்கினால் நாடாவின் ஒரு பக்கமான 45 நிமிடம் ஏறத்தாழ 22 எம்பிக்குள் அடங்கிவிடும்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. நாங்கள் முதலில் சோதித்த ஒரு சேவை, "வெள்ளன எந்திரிச்சு மாட்டைப் பூட்டிக் கமலை இறைப்போம்" என்று ஒரு பெரியவர் சொன்னதை, "காலையில் எழுந்து மாட்டைப் பூட்டிக் கமலா இறைப்போம்" என்று எழுதியது. 'கமலா' என்ற பிழையை யாரும் கண்டுகொள்வார்கள். 'காலையில்' என்பதோ பிழையாகவே தெரியாது. நல்ல தமிழாக, பொருளுக்கும் பொருந்தி நிற்கிறது. ஆனால் விடியுமுன்னே எழுந்த அந்த மனிதரின் 'வெள்ளன' அங்கே இல்லை. ஒலியைக் கேளாமல் எழுத்தை மட்டும் படிக்கும் நாளைய ஆய்வாளர், இவ்வட்டாரத்தில் அச்சொல் வழங்கவே இல்லை என்று முடிவு செய்யக்கூடும்.

இதைக் குறைக்க வழி உண்டு. விஸ்பர் ஏபிஐயில் மொழி தமிழ் என்று முன்கூட்டியே குறிப்பதோடு, எதிர்பார்க்கும் சொற்களைக் குறிப்பாகவும் அனுப்பலாம். அக்குறிப்பில் இறுதி 224 டோக்கன்களை (கணினி உரையைப் பிரித்துக்கொள்ளும் சிறு துண்டுகளை) மட்டுமே அது கணக்கில் கொள்கிறது. தமிழ்ச் சொல் ஒன்றே பல டோக்கன்களை எடுத்துக்கொள்வதால், அந்தப் பகுதிக்குரிய சில சொற்களைத் தேர்ந்தே தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெறும் உரையைப் பெறாமல் ஒவ்வொரு வரியும் ஒலியில் எந்த நேரத்தில் வருகிறது என்ற குறிப்புடன் கூடிய எஸ்ஆர்டி என்னும் கோப்பு வடிவில் பெற்றால், ஐயமுள்ள இடத்தை ஒலியில் உடனே கேட்டுத் திருத்தலாம். இயந்திரம் தந்த படியை அழிக்காமல், திருத்திய படியைத் தனியாக வைக்கிறோம்.

குடும்பப் பிணக்குகளைப் பேசியவர்களின் நாடாக்களை வெளிச் சேவைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. விஸ்பரை இயக்கும் மென்பொருள் மாதிரி, யாரும் பதிவிறக்கிப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் 2022 செப்டம்பரிலேயே வெளியானதால், அவற்றை எங்கள் கணினியிலேயே எழுத்தாக்குகிறோம்.

தமிழ் இணையக் கல்விக்கழகம், எழுத்தாக்க நிரல்களில் நேரடியாகப் பயன்படுத்தும் வகையில் வட்டார வழக்குச் சொற்பட்டியல்களை மாவட்ட வாரியாகத் திரட்டி வெளியிட வேண்டுமெனத் தங்கள் வாயிலாக வேண்டுகிறேன். கரிசல் வட்டாரத்துக்கு நாங்கள் தொகுத்து வரும் பட்டியலைத் தர ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கோவில்பட்டி.