மறுகாலைக் கணக்கில் சேர்க்காத மாதிரி: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அதனுடன் அனுப்பியிருந்த மாணவர்களின் அறிக்கையும் கிடைத்தன. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அண்ணியார் கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் நிறைந்தது. இங்கும் அனைவரும் நலம். ஓய்வு பெற்ற பிறகும் மாணவர்களுக்கு வழிகாட்டுவதை நீங்கள் விடாதது எனக்குப் பெருமகிழ்ச்சி. அதிலும் அவர்கள் எடுத்துக்கொண்டது தாமிரபரணி என்றதும், மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அறிக்கையை முழுவதுமாகப் படித்தேன்.

பிள்ளைகள் நன்றாகவே உழைத்திருக்கிறார்கள். வடிநிலத்தைத் துணை வடிநிலங்களாகப் பிரித்து, மண் வகையையும் நிலப் பயன்பாட்டையும் சேர்த்துக் கர்வ் நம்பர் (பெய்த மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்பதைக் காட்டும் எண்; கூடினால் வழிந்தோடும் நீரும் கூடும்) கண்டு, ஹெக்-ஹெச்எம்எஸ் மென்பொருளில் மழையிலிருந்து நீரோட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரியைக் கட்டி, முறப்பநாட்டில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் நீரோட்டத்தோடு ஒப்பிட்டுக் காலிபரேஷன், அதாவது அளவுத்திருத்தம், செய்திருக்கிறார்கள். நாஷ்–சட்கிளிஃப் எண் 0.8ஐத் தாண்டியிருக்கிறது. இதை அப்படியே வெள்ள முன்னறிவிப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. எண் நன்றாக வந்திருக்கிறது. அது எதனால் நன்றாக வந்தது என்பதில்தான் எனக்கு ஐயம்.

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். நாஷும் சட்கிளிஃபும் 1970இல் முன்வைத்த அளவுகோல் அது. கணித்ததும் அளந்ததும் முழுக்கப் பொருந்தினால் 1 வரும். எல்லா நாளுக்கும் சராசரி நீரோட்டத்தையே விடையாகச் சொன்னால் 0 வரும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெற்று, இடையில் கோடையில் வற்றும் ஓர் ஆற்றில், சராசரியை வெல்வது பெரிய காரியம் அல்ல. எப்போது மழைக்காலம், எப்போது கோடை என்பது மட்டும் தெரிந்த மாதிரியே பாதித் தூரம் வந்துவிடும். அதற்கும் மேலாக, முறப்பநாட்டில் ஓடும் நீரில் பெரும்பங்கு பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் திறந்துவிட்ட நீர். மாணவர்கள் அந்தத் திறப்பு அளவுகளை உள்ளீடாகவே கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் கொடுப்பது சரிதான். ஆனால் ஷட்டரைத் திறந்ததால் வந்த நீரையும் மாதிரி கணித்ததாகக் கணக்கு வைத்தால், மழையை நீரோட்டமாக மாற்றும் பகுதி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது மறைந்துபோகிறது. மழையையே கொடுக்காமல், அணைத் திறப்பை மட்டும் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது வரும் எண்ணுக்கும் 0.8க்கும் உள்ள இடைவெளிதான் மாதிரி தானாகச் சம்பாதித்தது.

அடுத்ததாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது குளங்கள். அறிக்கையின் வரைபடத்தில் சேரன்மகாதேவியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை நிலம் ஒரே சீரான சரிவாகத் தெரிகிறது. நீங்களும் நானும் அறிந்த நிலம் அப்படிப்பட்டதா? கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள். கால்வாய் நீரை வாங்கி, நிரம்பியதும் உபரிநீர் வழிந்தோடும் மறுகாலால் ஒன்றுக்கொன்று கோத்துக்கிடக்கும் குளங்கள். கார், பிசானம் ஆகிய இரண்டு பருவ நெல் சாகுபடியும் அந்தக் குளங்களை நம்பியே நடக்கின்றன. இவை எல்லாம் எங்கே போயின என்று தேடினால், மாதிரி கட்டும் முதல் படியிலேயே காணாமல் போயிருக்கின்றன. செயற்கைக்கோள் உயர வரைபடத்தில் எல்லாப் புள்ளியிலிருந்தும் நீர் கீழ்நோக்கி ஓட வேண்டும் என்பதற்காகப் பள்ளங்களை நிரப்பும் ஒரு கட்டளை உண்டு. மலை ஓடைகளுக்கு அது பொருந்தும். நம் சமவெளியில் அந்தக் கட்டளைக்குப் பள்ளமாகத் தெரிவது குளம். 30 மீட்டர் கட்டங்களில் சில மீட்டர் அகலமுள்ள குளக்கரை பெரும்பாலும் தெரிவதே இல்லை; தெரிந்த இடங்களில் அதன் பின்னுள்ள குழி தூர்க்கப்பட்டுவிடுகிறது.

குளம் இல்லாமலும் எண் எப்படிப் பொருந்தியது என்று கேட்பீர்கள். காலிபரேஷன் செய்யும் நிரலுக்குக் குளம் என்றால் என்னவென்று தெரியாது. அளந்த நீரோட்டத்தோடு பொருந்த வேண்டும் என்பது மட்டுமே தெரியும். குளங்கள் பிடித்துவைத்த நீரை மண் குடித்ததாகக் காட்ட அது கர்வ் நம்பரைக் குறைத்தது. குளங்கள் ஏற்படுத்திய தாமதத்தை ஆற்றின் தாமதமாகக் காட்ட, நீர் வடிநிலத்தில் எவ்வளவு நேரம் தங்கி வரும் என்பதைக் குறிக்கும் கிளார்க் முறையின் தேக்கக் கெழுவை உயர்த்தியது. அறிக்கையின் அளவுரு அட்டவணையில் இந்த இரண்டு மாற்றங்களும் வெளிப்படையாகவே இருக்கின்றன. மண் வகைப்படி 75 வர வேண்டிய கர்வ் நம்பர் பல இடங்களில் 65 அளவுக்கு இறங்கியிருக்கிறது. 100 மில்லிமீட்டர் மழைக்கு, தொடக்க இழப்பை வழக்கம்போல் மண்ணின் பிடிப்புத்திறனில் ஐந்தில் ஒரு பங்காக வைத்துக் கணக்கிட்டால், 75க்கு வழிந்தோடும் நீர் சுமார் 41 மில்லிமீட்டர், 65க்கு 25தான். இத்தனை நீரை மறைத்து வைக்கும் இடம் அந்த மண்ணில் இல்லை. அது குளத்தில் இருக்கிறது.

பெருமழையில் இந்தக் குறை எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள். 600 மில்லிமீட்டர் மழைக்கு அதே இரண்டு எண்களும் 509, 462 என்று தருகின்றன. அதாவது மொத்த அளவில் வேறுபாடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே அளவில் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து முழுவதும் நேரத்தில் இருக்கிறது. சாதாரண ஆண்டுகளில் குளங்கள் நிரம்பிக்கொண்டே இருந்ததால் ஏற்பட்ட தாமதம் தேக்கக் கெழுவில் நிலையாகப் பதிந்துவிட்டது. குளங்கள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பி மறுகால் பாயும் ஒரு நாளில் அந்தத் தாமதம் கிடையாது. மாதிரியோ அப்போதும் தாமதம் இருப்பதாகவே எண்ணி, வெள்ளத்தின் உச்சம் தாழ்வாகவும் நேரம் கழித்தும் வரும் என்று சொல்லும். மறுகாலில் பாயும் நீர், அதன்மேல் நிற்கும் நீர்மட்டத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. 30 மீட்டர் நீளமுள்ள மறுகாலில் அரை மீட்டர் நின்றால் வினாடிக்கு 18 கன மீட்டர் அளவில் போகும். ஒரு மீட்டர் நின்றால் 51. மட்டம் இரட்டித்தால் பாய்ச்சல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகும்போது, வரிசையாக உள்ள குளங்கள் ஒரே இரவில் என்ன செய்யும் என்பதை நிலையான ஒரு கெழுவால் சொல்ல முடியாது. போதாததற்கு, பிசானத்துக்கு நீர் காணாதோ என்று பயந்து மறுகாலில் மணல் மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்தும் பழக்கமும் உண்டு. மூட்டைகள் அடித்துக்கொண்டு போகும் கணத்தில், கூடுதலாகத் தேங்கிய அந்த நீரும் சேர்ந்தே இறங்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 95 சென்டிமீட்டர் என்றால் ஒன்பதரை லட்சம் கன மீட்டர் நீர். ஏரல் மூழ்கியது, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்ற ரயிலில் நூற்றுக்கணக்கானோர் சிக்கித் தவித்தார்கள். உயரம் கூடக் கூட மழையும் கூடும் என்ற கணக்கில்தான் மாணவர்கள் மழையைப் பரப்பியிருக்கிறார்கள். மலைமேல் உள்ள நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி மழைமானிகளைப் பார்ப்பவர்களுக்கு அது இயல்பாகத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு நாட்களில் கடற்கரையே மலையை மிஞ்சியது. மேலும், அந்த மழையின் பெரும்பகுதி கொட்டிய நிலம் முறப்பநாட்டுக்குக் கீழே இருக்கிறது. முறப்பநாட்டில் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும், ஏரல் மக்களுக்கு அந்த மாதிரி எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

தரவு பற்றியும் சில வார்த்தைகள். வானிலைத் துறையின் தினசரி மழை, அன்று காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. அதை அந்தத் தேதியின் மழையாகவே கொடுத்தால், முந்தைய நாள் மாலையில் பெய்தது மறுநாள் பெய்ததாகிவிடும். அளவுத்திருத்த நிரல் அந்தப் பிழையையும் எங்காவது ஓர் அளவுருவில் ஒளித்துவைக்கும். அறிக்கையின் இணைப்பைப் பார்த்தால் தேதிகள் நகர்த்தப்படவில்லை என்றே தெரிகிறது. அதேபோல், அணைக்கு வரும் நீரை யாரும் நேரடியாக அளப்பதில்லை. மட்ட வேறுபாட்டையும் வெளியேற்றத்தையும் கூட்டித்தான் காண்கிறோம். 5 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் 3 சென்டிமீட்டர் பிசகிப் படித்தால், ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சம் கன மீட்டர் இல்லாத நீர் வந்ததாகிவிடும். கோடையில் நீர்வரத்து சில நாள் கழித்தல் குறியோடு வருவது இதனால்தான். அந்த நாட்களை நீக்கிவிடச் சொல்லாதீர்கள். ஐந்து அல்லது ஏழு நாள் சராசரியாக எடுத்துக்கொண்டால் போதும். உச்ச வெள்ளத்தின் அளவும் அப்படியே. அந்த நேரத்தில் யாரும் ஆற்றில் இறங்கி வேகம் அளப்பதில்லை. மட்டத்தை மட்டும் குறித்து, மட்டம்–நீரோட்ட வளைவை நீட்டித்துத்தான் எண்ணைத் தருகிறார்கள். ஆகவே உச்சத்தை ஒரு புள்ளியாகக் கொள்ளாமல், ஒரு வரம்பாகவே மாணவர்கள் கொள்ள வேண்டும்.

வெவ்வேறு அளவுருத் தொகுதிகள் ஒரே அளவு நல்ல விடையைத் தரும் என்பதை நீரியல் அறிஞர் கீத் பெவன் பல்லாண்டுகளாக வலியுறுத்தி வருகிறார். சரியான விடை சரியான காரணத்தால் வர வேண்டும் என்று கிர்ச்னர் 2006இல் எழுதியதும் உங்களுக்குத் தெரியும். என் அனுபவத்தில், இவர்களை விடவும் கைகொடுப்பவர் இன்னொரு நீரியல் அறிஞர் கிளெமெஷ். வறண்ட ஆண்டுகளில் அளவுத்திருத்தம் செய்த மாதிரியை ஈர ஆண்டுகளில் சோதியுங்கள், ஈர ஆண்டுகளில் செய்ததை வறண்டவற்றில் சோதியுங்கள் என்று 1986இலேயே அவர் சொல்லிவிட்டார். உங்கள் மாணவர்கள் காலவரிசைப்படி முதல் பாதி, இரண்டாம் பாதி என்று பிரித்திருக்கிறார்கள். இரண்டு பாதியிலும் நடுத்தர ஆண்டுகளே மிகுதி. கிளெமெஷ் சொன்ன முறையில் பிரித்துப் பார்த்தால், குளங்கள் இல்லாத குறை தானாகவே வெளியே வந்துவிடும் என்று நம்புகிறேன்.

அதற்காக ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியாக மாதிரியில் வைக்க வேண்டியதில்லை. அவ்வளவு அளவுருக்களைத் தாங்கும் தரவும் நம்மிடம் இல்லை. ஒரு துணை வடிநிலத்தின் குளங்களை ஒரே குளமாகத் தொகுத்து, அதற்கு மொத்தக் கொள்ளளவும் மொத்த மறுகால் நீளமும் கொடுத்தால் போதும். தூர் ஏறியதால் பழைய பதிவேட்டுக் கொள்ளளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதற்கு, சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் உதவும். மேகத்தைத் தாண்டியும் நீர்ப்பரப்பைக் காட்டும் என்பதால், வடகிழக்குப் பருவத்தில் வேறு எந்தப் படத்தைவிடவும் அதுவே பயன்படும். நீரோட்டத்தோடு குளங்களின் நீர்ப்பரப்பும் பொருந்த வேண்டும் என்று நிபந்தனை வைத்தால், கர்வ் நம்பர் மண்ணின் இயல்பான அளவுக்குத் தானே திரும்பும். அணைக்கட்டுக் கால்வாய்கள் இயற்கையான நீர்ப்பிரிமேட்டைத் தாண்டி நீரைக் கொண்டுபோகும் இடங்களையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கணினி வரைந்த எல்லைக்கு அவை கட்டுப்படுவதில்லை.

எந்தக் குளம் மறுகால் போனால் நீர் எந்தக் குளத்துக்குச் சேரும் என்ற வரிசை எந்த வரைபடத்திலும் முழுமையாக இல்லை. மடை திறப்பவர்களுக்கும் பழைய விவசாயச் சங்கத்தாருக்கும் அது மனப்பாடம். உங்கள் ஊர்ப் பக்கத்தில் உங்களை அறியாதவர் குறைவு என்பதால், அந்த வரிசையை மாணவர்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. தை பிறந்ததும் அம்பாசமுத்திரம் வருகிறேன். அதற்குள் கன்னடியன் கால்வாய்க் குளங்களின் பட்டியலை மட்டும் முடித்துவைத்தால், மறுகால் நீளங்களை அளக்க நானும் உடன் வருவேன். மட்டம் பார்க்கும் கருவியும் அதற்கான அளவுக்கோலும் (ஸ்டாஃப்) என்னிடம் இருக்கின்றன. நீளமான டேப் ஒன்று நீங்கள் வாங்கிவையுங்கள்.

அண்ணியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புள்ள,
நண்பன்