பழைய எஸ்யுவி வாங்குவோர் முதலில் எதற்குச் செலவிட வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஸ்கார்பியோ, எக்ஸ்யுவி 500, டஸ்டர் போன்ற வண்டிகளைத் தங்கள் முதல் காராக வாங்கும் இளைஞர்களை எங்கள் ஈரோட்டுப் பகுதியில் நிறையப் பார்க்கிறேன். புதிய சிறிய கார் ஒன்றின் விலையைவிடக் குறைவான பணத்தில், குடும்பம் முழுவதும் அமரக்கூடிய, தோட்டத்து மண்பாதையிலும் தயங்காமல் ஏறிப்போகும் வண்டி கிடைக்கிறது என்றால் அதை விரும்புவது இயல்பே. முறையாகப் பராமரித்தால் இந்த டீசல் இன்ஜின்கள் அதன் பிறகும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் கையிலுள்ள மிச்சப் பணம் எந்தக் கடைக்குப் போகிறது என்பதுதான், ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குக் கவலை தருகிறது. பம்பருக்கு முன்னால் இரும்பு கார்டு, அகலமான டயர், கண்ணைக் கூசும் விளக்கு ஆகியவற்றுக்கு முதலில் செலவழித்துவிட்டு, பிரேக்கையும், பிஸ்டனின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டையும் “அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிவைக்கிறார்கள்.

அதிக தூரம் ஓடிய வண்டியில் தேய்மானத்தைப் போலவே வயதும் வேலை செய்கிறது. ரப்பரால் ஆன எல்லாமே, அதாவது சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்ட், ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஹோஸ் ஆகியவை, வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் காலப்போக்கில் இறுகி வெடிப்பு விடும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறைவதால், திம்பம் மலைப்பாதையில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்துச் சூடேறினால் மிதி உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற ஆகும் செலவு, ஒரு ஜோடி கூடுதல் விளக்கு பொருத்தும் செலவைவிடக் குறைவு. டஸ்டர் டீசல் இன்ஜினில் உள்ள டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினே பாழாகும். எனவே முந்தைய உரிமையாளர் அதை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தண்ணீர் பம்பு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட வேண்டும். ஸ்கார்பியோவின் எம்ஹாக் இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் அந்தப் பயம் குறைவு. ஆயினும் ஆயில் மாற்றாமல் ஓட்டப்பட்ட வண்டியில் செயினும் தளரும், டர்போவும் கெடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேட்கும் கலகல ஓசையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்த ஓசை தெரியாதபடி இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிட்டு வண்டியைக் காட்டும் விற்பனையாளரிடம் மறுநாள் காலையில் மீண்டும் வருவதாகச் சொல்வதில் தவறில்லை.

டயர் பட்டன் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறுவோர் பலர். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2317 என்றிருந்தால் அது 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. பட்டன் ஆழமாக இருந்தாலும், ரப்பர் இறுகிப்போன இவ்வளவு பழைய டயரில் நெடுஞ்சாலை வேகத்தில் குடும்பத்துடன் போகக் கூடாது.

வாங்குமுன்பே யோசிக்க வேண்டிய மற்றொன்று, பின்னர் எந்தக் கடையிலும் பொருத்த முடியாத பாதுகாப்பு. நம் நாட்டில் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் (திடீரென பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) 2019 ஏப்ரலிலும், ஓட்டுநருக்கான ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையிலும்தான் கட்டாயமாயின. ஆகவே 2012 அல்லது 2014ஆம் ஆண்டு எஸ்யுவியின் அடிப்படை மாடலில் இவை இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். உயரமும் எடையும் அதிகமான, வளைவில் சாயும் இயல்புள்ள வண்டியை முதன்முதலாகக் கார் ஓட்டும் ஒருவர் கையில் கொடுக்கும்போது, சில ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தாலும் ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் உள்ள மாடலையே தேர்ந்தெடுக்குமாறு பெற்றோர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

வண்டியைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ரிவர்ஸ் கேமரா, நல்ல மேட், டயர் காற்றழுத்தம் காட்டும் கருவி போன்றவை பயனுள்ளவை. ஆனால் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கப்படும் இரும்பு கார்டு, மோதலின் விசையை நசுங்கி வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதியைத் தாண்டி நேராக உள்ளே கடத்துகிறது. ஏர்பேக் விரியும் தருணத்தைக் குலைக்கக்கூடும். குறுக்கே வரும் பாதசாரிக்கும் இருசக்கர வாகன ஓட்டிக்கும் எமனாகிறது. இதைத் தடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. 235/70 ஆர்16 டயருக்குப் பதில் அகலமும் உயரமும் கூடிய 245/75 ஆர்16 போட்டால் சக்கரத்தின் விட்டம் சுமார் 5 சதவீதம் கூடுகிறது. மீட்டர் 80 காட்டும்போது வண்டி முன்பைவிட 4 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போகும், பேரிங்கும் பிரேக்கும் பெரிய டயரின் கூடுதல் பாரத்தையும் சுமக்கும். 60/55 வாட் பல்புக்காக அமைந்த வயரில் 100 வாட் பல்பை மாட்டினால் வயர் சூடேறி உருகும் ஆபத்து உண்டு என்பதுடன், எதிரே வருபவரின் பார்வையும் சில நொடிகள் போய்விடுகிறது.

தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கூறுகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது. விபத்துக்குப் பிறகு, தெரிவிக்கப்படாத மாற்றத்தைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால் அந்த இழப்பு இதைவிடப் பெரிது. ஆர்சி புத்தகத்தையும் இன்சூரன்ஸையும் உடனே தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதும் அவ்வளவே அவசியம்.

இவை எல்லாம் வாங்குபவரின் பொறுப்பு. ஆனால் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் ரீடிங்கைக் குறைத்து விற்கும் மோசடியை அவர் ஒருவரால் தடுக்க முடியாது. பழைய வாகன வியாபாரிகள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தங்களிடமுள்ள வண்டி எதற்காக, எவ்வளவு தூரம் ஓட்டப்பட்டது என்ற பதிவேட்டை வைத்திருக்கவும் அவ்விதி சொல்கிறது. சாலையோரம் வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்போரில் யாரிடம் அந்தச் சான்று இருக்கிறது என்பதை ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பெயர் மாற்றத்தின்போதும் ஆண்டுதோறும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதும் ரீடிங்கைப் பதிவு செய்து, வாங்க வருபவர் வண்டி எண்ணைக் கொண்டு அதைப் பார்க்க வழி செய்ய வேண்டும். தடை செய்யப்பட்ட கார்டுகளைப் பொருத்தித்தரும் கடைகள் மீதும், வண்டி ஓட்டுபவர் மீது எடுக்கும் அதே நடவடிக்கையை எடுக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஐடிஐ பயிற்றுநர்,
ஈரோடு.