முகம் சுண்டிப்போனவரை 'பல்பு வாங்கினார்' என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு மூதாட்டியைப் பற்றிய செய்தி வந்திருந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பழைய ஐநூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் வங்கிக்குப் போயிருக்கிறார். செல்லாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வங்கியில் கட்டுவதற்கான கெடு 2016 டிசம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதையும் எழுதியிருந்தீர்கள். செய்தியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்த தலைப்புதான் மனசை அறுத்தது. 'பல்பு வாங்கிய பாட்டி.'

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்படியில் 31 வருஷம் துடுப்புப் பிடித்தவன். இப்போது வயது 67. தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டிக்கு நேர்ந்ததற்குத் தமிழில் சரியான சொல் ஒன்று இருக்கிறது. அது என் தொழிலோடு ஒட்டிய சொல். அதனால்தான் எழுதுகிறேன்.

முகம் சுண்டிப்போவது. எங்கள் பக்கம் இதைத்தான் சொல்வோம். பால் சுண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் அருமை தெரியும். அகலமான இரும்புச் சட்டியில் பத்து லிட்டர் பாலை ஊற்றி விறகுத் தீயில் ஏற்றினால் முதலில் பொங்கிக்கொண்டு மேலே வரும். விடாமல் கிண்டக் கிண்ட, சர்க்கரையும் சேர்ந்து, கடைசியில் மூன்றரைக் கிலோ சொச்சத்தில் வந்து நிற்கும். அப்போது சட்டியின் உள்பக்கத்தைப் பாருங்கள். பால் எந்த உயரத்தில் நின்றதோ அங்கே ஆடை காய்ந்து ஒரு வளையம் ஒட்டியிருக்கும். பால் எங்கேயோ கீழே கிடக்கும். எவ்வளவு பொங்கியது என்று அந்த வளையம் காட்டிக்கொடுத்துவிடும். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் கை ஓய்ந்துபோகும்.

மனிதர் முகத்திலும் இதை நான் பார்த்திருக்கிறேன். 2018 வைகாசியில், என் பேத்திக்குக் காது குத்திய அன்று.

என் அம்மாவுக்கு அப்போது 82 வயது. முதியோர் உதவித்தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்தது. என் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த மாதத்திலிருந்து, மூன்று மாதம், மாதத்துக்கு ஒரு ஐநூறு ரூபாய்த் தாளாக எடுத்து, பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. அது 2016. அந்த வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாளே நான் கேட்டேன், "அம்மா, உன்கிட்ட ஏதாச்சும் இருக்கா?" என்று. "எங்கிட்ட ஏதுப்பா" என்றார். பொய் சொல்லவில்லை. அந்தப் பணத்தை அவர் தன்னுடையதாக நினைக்கவே இல்லை. அது பிள்ளையின் பணம்.

காதுகுத்து அன்று கோயில் மண்டபத்தில் என் தங்கை மகன் மொய் எழுத உட்கார்ந்திருந்தான். தாய்மாமன் செய்முறை முடிந்து, பங்காளிகள் எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அம்மா யார் கையையும் பிடிக்காமல் தானே நடந்து வந்தார். அன்றைக்குப் புதுச் சேலை. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, நாலு பேர் பார்க்கட்டும் என்று நிதானமாகப் பிரித்து, மூன்று நோட்டையும் நீட்டினார். "எழுதுடா ராசா, கொள்ளுப்பாட்டி ஆயிரத்து ஐநூறு" என்றார். அந்தக் குரலில் இருந்த மிடுக்கை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கேட்டதில்லை.

பையன் வாங்கிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். பின்பக்கம் காந்தி முன்னே நடக்கிற தண்டி யாத்திரைப் படம். செங்கோட்டை போட்ட சாம்பல் நிற நோட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வரிசையில் நின்ற யாரோ, "பாட்டி, இது செல்லாத நோட்டு, இன்னுமா வச்சிருக்கீங்க" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

அம்மா அழவில்லை. "அப்படியா, சரி சரி" என்றார். கொண்டுவந்த சிரிப்பு உதட்டோரத்தில் அப்படியே ஒட்டியிருந்தது. முகம் மட்டும் கீழே போய்விட்டது. சட்டியில் நான் பார்த்த அதே வளையம். நோட்டைத் திரும்பப் பைக்குள் வைத்து, கயிற்றை ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டு சமையல் கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

இதை என்னவென்று எழுதுவீர்கள்? ஏமாற்றம் என்றால் போதாது. தனியாக இருக்கும்போதும் ஏமாற்றம் வரும். பாட்டிலைத் திறந்து அவரே கண்டுபிடித்திருந்தால் அது வெறும் ஏமாற்றம். அவமானம் என்றால் யாராவது செய்ய வேண்டும். இங்கே யாரும் ஒன்றும் செய்யவில்லை. வெட்கம் என்றால் அவர் மேல் தப்பு இருக்க வேண்டும். அசடு வழிந்தார் என்றால் அவரை அசடு என்று சொன்னதாகிவிடும். ஆசையாகக் கொண்டுவந்தது ஒன்றும் இல்லாமல் போயிற்று, அதுவும் நாலு பேர் கண் முன்னால் போயிற்று. இரண்டும் சேர்ந்த வலி அது. அதை முகம் சுண்டிப்போச்சு என்ற சொல் அப்படியே பிடித்துவிடுகிறது. யாரையும் குற்றவாளி ஆக்காமல், பட்டவரையும் கோமாளி ஆக்காமல் பிடிக்கிறது.

என் மகள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அவளிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இளிவரல், அதாவது தாழ்ந்துபோனதாக மனசு குன்றுவது, என்று ஒன்று இருப்பதாகச் சொன்னாள். மனசில் இருப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு; அந்த எட்டில் நகை, அழுகைக்கு அடுத்து வருவது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கால் அது பிறக்குமாம். மூப்பை முதலில் வைத்திருக்கிறார் தொல்காப்பியர், பாருங்கள். குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறள் எனக்கே தெரியும், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணியது. அனிச்சம் மோந்தால்தான் குழையும், முகந்திரிந்து பார்த்தாலே விருந்து குழைந்துவிடும் என்கிறது. இவ்வளவு நுணுக்கமாக முகத்தைப் பார்த்த மொழியில், ஒரு மூதாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு 'பல்பு' என்று எழுதுவதற்கு எப்படிக் கை வருகிறது?

இளவட்டங்கள் தங்களுக்குள் பல்பு வாங்கிட்டேன் என்று சொல்லிக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. பரீட்சையிலோ பெண் பார்க்கப் போன இடத்திலோ அடிபட்டு வந்தவன் தானே சொல்லிச் சிரித்தால் அவன் பாரம் குறையும். அது அவன் உரிமை. அதையே அடுத்தவர் தலையில், அதுவும் அச்சில் ஏற்றினால், மண்டபத்தில் சிரித்த அந்த இரண்டு மூன்று பேரோடு மாவட்டமே சேர்ந்து சிரித்த மாதிரி ஆகிவிடும்.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. பையனிடம் கண்ணைக் காட்டி வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் என் பையிலிருந்து ஆயிரத்து ஐநூறு கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, மரம் மாதிரி நின்றேன். இன்று வரை அது உறுத்துகிறது. என் மகள்தான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல் கட்டுக்குப் போனாள். "அப்பத்தா, பிள்ளைக்குக் கொண்டுவந்ததைப் பிள்ளை கையில கொடு" என்று வாங்கிக்கொண்டு வந்து, மொய் நோட்டில் எழுதச் சொன்னாள். கொள்ளுப்பாட்டி, ரூ.1,500. எழுதியிருக்கிறது. அந்த மூன்று தாளும் அவள் பீரோவில் இருக்கின்றன (பத்து நோட்டு வரை வைத்திருந்தால் தப்பில்லை என்று 2017-இல் வந்த சட்டம் சொல்கிறது, அதையும் விசாரித்துக்கொண்டோம்). அம்மா 2021-இல் போய்விட்டார்.

உங்கள் செய்தியில் அந்த மூதாட்டியின் படத்தையும் போட்டிருந்தீர்கள். அவர் ஊரிலும் உங்கள் பேப்பர் டீக்கடைக்கு வரும். யாராவது அவருக்கு வாசித்துக் காட்டியிருப்பார்கள். முடிந்தால் உங்கள் நிருபரை ஒரு தடவை அவர் வீட்டுக்கு அனுப்பி, அந்தப் பணத்தை எதற்காகச் சேர்த்தார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதற்கு வேறு தலைப்பு வையுங்கள்.

தங்கள் நாளிதழை நாற்பது வருஷமாக வாசிக்கும்
ஒரு வாசகன்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.